எல்லாரும் இருக்கினம் என்று சொல்லாதே

தம்பி,

உன்னுடைய அழைப்பிதழ் கிடைத்தது. பெற்ற தாய்க்கே அச்சடித்த அட்டையைத் தபாலில் அனுப்பும் அளவுக்கு நீ பெரிய ஆளாகிவிட்டாய். அது வீட்டுக்கு வருவதற்கு முன்பே பாலாவிச் சந்தியில் பதாகையைப் பார்த்துவிட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கி நிமிர்ந்தால், சீமெந்து லொறிகள் கிளப்பிய தூசிக்கு மேலே உன் அம்மப்பா, என்னைப் பெற்றவர், இராணுவச் சீருடையில் நிற்கிறார். நெஞ்சில் பதக்கம். தலைக்குப் பின்னால் யாரோ கம்ப்யூட்டரில் ஒட்டிய சிலுவை. கீழே ‘படைவீரர், இறை ஊழியர், சமாதானத் தூதர்’ என்று மஞ்சள் எழுத்து. அதற்கும் கீழே, செத்த மனுசனின் பெயரைவிடப் பெரிதாக, பிரதம அதிதியின் பெயர். சந்தியில் வாழைப்பழம் விற்கிற பெண் என்னிடம் கேட்டாள்: “அக்கா, இவர் எலெக்சன் கேக்கிறாரோ?” ஓம் என்றேன். வேறு என்னத்தைச் சொல்ல.

போன் எடுத்தால் நீ மீற்றிங்கில் இருக்கிறாய். செய்தி அனுப்பினால் கைகூப்பும் படம் ஒன்றைத் திருப்பி அனுப்புகிறாய். ஆகவே எழுதுகிறேன். இதை உனக்கு மட்டும் எழுதவில்லை. போட்டோக் கொப்பி அடித்துச் சபையில் வாசிக்கத் தெரிந்த எல்லா வீட்டுக்கும் கொடுக்கிறேன். குடும்பத்துக்குள் பேசித் தீர்க்கலாமே என்று நீ சொல்வாய். நீ செய்யப்போவது குடும்பத்துக்குள் செய்கிற காரியம் இல்லை. ஒரு சபைக்கு முன்னால், பந்தல் போட்டு, ஒலிபெருக்கி கட்டிச் செய்யப்போகிறாய். பதிலும் அதே அளவு சத்தமாகத்தான் வரும்.

அடுத்த ஞாயிறு புது ஆலயத் திறப்பு, அம்மப்பாவின் ஆண்டு நினைவு, உன் பதவியேற்பு, மூன்றும் ஒன்றாக நடக்கின்றன. நிகழ்ச்சி நிரலை இரண்டு தரம் வாசித்தேன். மங்கள விளக்கு இருக்கிறது. வரவேற்பு நடனம் இருக்கிறது. ‘போர்வீரர் சுமணபாலவுக்கு மௌன அஞ்சலி’ இருக்கிறது. நினைவுக்கல் திரைநீக்கம் இருக்கிறது. இடாப்பு இல்லை, அம்மப்பா ஞாயிறுதோறும் எல்லோரையும் பெயர் கூப்பிட்டுப் பார்த்த இடாப்பு. அன்றைக்கு ஒருமாதிரி உன்னைப் போனில் பிடித்துக் கேட்டேன், நினைவிருக்கிறதா?

“அம்மா, இடாப்புக் கூப்பிடுறது அம்மப்பாவின்ர தனிப்பட்ட பழக்கம். சபைக்கு எண்டு ஒரு ஒழுங்கு இருக்கு.”

“சுமணபாலவை மட்டும் வச்சிருக்கிறாய்.”

“அது நல்லிணக்கத்துக்கு நல்ல அடையாளம் எண்டு கொமிற்றி நினைக்குது.”

“அப்ப செல்வமணி அக்காவின்ர ஜெயசீலன்?”

“அவரைக் கல்லில போட்டிருக்கிறம் அம்மா. வடிவா, பொன் எழுத்தில.”

“எந்தக் கல்லில?”

“கர்த்தருக்குள் நித்திரையடைந்தவர்கள் எண்ட கல்லில” என்றாய். செத்தவர்களின் கல். நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் கதைத்திருந்தால் ஊழியக்காரனுக்குச் சொல்லக் கூடாத வார்த்தையைச் சொல்லியிருப்பேன்.

நீ வேதாகமக் கல்லூரியில் சாட்சி சொல்லும்போதெல்லாம் ஒரு வசனம் சொல்வாயாம்: ‘துப்பாக்கியை வீசிவிட்டு வேதத்தைக் கையில் எடுத்தவரின் பேரன் நான்.’ கேட்டவர்கள் கண்ணைத் துடைத்திருப்பார்கள். அந்த மனுசன் எதையும் வீசவில்லை, தம்பி. தமிழ்ப் பெடியன் ஆமியில் சேர்ந்தால் யாரும் திரும்பிப் பார்க்காத காலத்தில் சேர்ந்தார். சார்ஜன் ஆனார். முழுச் சேவைக்காலத்தையும் முடித்துப் பென்சனோடு வந்தார். அதன் பிறகுதான் ஊழியம். பட்டாளத்தில் படித்ததை அப்படியே கோயிலுக்குள் கொண்டுவந்தார். பிரசங்க அங்கியை அவரே அயன் பண்ணுவார். மடிப்பில் கை வெட்டுப்படும். சப்பாத்தைத் தேய்க்கும்போதுதான் ஜெபம் செய்வார். மன்னார்ப் பக்கத்து வீட்டில் நாங்கள் பிள்ளைகள், விடியக் கண் திறந்தால் கட்டில் அருகே துவாயோடு வரிசையில் நிற்கவேண்டும். ஒவ்வொருத்தராகப் பெயர் கூப்பிடுவார். “இருக்கிறன்” என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் தேத்தண்ணி இல்லை. எனக்கு அதில் வெறுப்பு இருந்தது. இப்போதும் இருக்கிறது. அவரை நேசிப்பதற்கு அவரை வெள்ளையடிக்க வேண்டிய தேவை எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

யுத்தம் துரத்தி, கடல் வழியாகக் கற்பிட்டியில் வந்து இறங்கி, இந்த உப்பளக் கரையில் குடிசை போட்டபோது எங்களுக்கு ஆலயம் என்று ஒன்றும் இல்லை. தில்லையடியில் இருந்து உப்பு ஏற்ற வருகிற ஹனிபா நானா தன் லொறியை மூடுகிற படங்கைக் கூரையாகப் போடத் தந்தார். அவரும் வடக்கில் இருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்டவர். துரத்தியவர்கள் தமிழர்கள். அதைச் சொல்லிக் காட்டாமல் படங்கைத் தந்தார் என்று எழுத ஆசைதான், ஆனால் அவர் சொல்லிக் காட்டினார்: “பாஸ்டர், உங்கட ஆக்கள் எங்கள ஊட்டை விட்டு எழுப்பினாங்க. நான் ஒங்களுக்குக் கூரை தாறன். அல்லாஹ் பாத்துக்கொண்டு ஈக்கிறான், நீங்களும் மறந்திராதீங்க.” அம்மப்பா மறக்கவில்லை. அந்தப் படங்குக்குக் கீழே நடந்த முதல் ஆராதனையில், பாட்டுக்கு முன்னால், ஜெபத்துக்கு முன்னால், பள்ளிக்கூடத்து மாஸ்டர் மாதிரி எல்லோர் பெயரையும் மனதில் இருந்தே கூப்பிட்டார். வெளியே லொறியில் சாய்ந்து நின்ற ஹனிபா நானாவையும் கூப்பிட்டார். “ஈக்கிறன் பாஸ்டர்!” என்று அங்கிருந்து சத்தம் வந்தது. சனம் சிரித்தது. கோயிலா பட்டாளமா என்று பெடியன்கள் கேலி பண்ணினார்கள். அந்தக் கேலியோடுதான் எங்கள் சபை தொடங்கியது. உன் புது மண்டபத்தில் இருக்கிற குஷன் கதிரைகளில் ஹனிபா நானாவுக்கு ஒன்று ஒதுக்கியிருக்கிறாயா? அழைப்பிதழ் போகவில்லை என்று எனக்குத் தெரியும்.

என் கலியாணத்திலும் இடாப்புக் கூப்பிட்டார். உன் அப்பா வந்த வான் வண்டியைச் சோதனைச்சாவடியில் மறித்து வைத்திருந்தார்கள். நான் சேலையோடும் வியர்வையோடும் நிற்கிறேன். அம்மப்பா மாப்பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார். பதில் இல்லை. கொஞ்ச நேரம் நின்று அடுத்த பெயருக்குப் போனார். என் மாமி, உன் அப்பம்மா, வாங்குப் பலகையில் இருந்து கத்தினா: “ஐயா, மாப்பிள்ளை வழியில வாறான், எல்லாருக்கும் தெரியும். இருக்கிறான் எண்டு போட்டிட்டு நடத்துங்கோவன்!” அம்மப்பா அவவைப் பார்த்து, “வராத ஆளை வந்திட்டான் எண்டு நான் சொல்ல மாட்டன், அம்மா. அவனைக் கூட்டிக்கொண்டு வர ஆராவது போங்கோ” என்றார். மூன்று பேர் சைக்கிளில் போனார்கள். அவர்கள் போனதால்தான் உன் அப்பா அன்றைக்கு வந்து சேர்ந்தார். அங்கே அவரை வானில் இருந்து இறக்கி வேறு வாகனத்தில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். உன் அப்பா இன்றைக்கும் இதைச் சிரிப்பாகச் சொல்வார். சிரிப்பு இல்லை அது.

இப்போது சுமணபால. நீ மௌன அஞ்சலி செய்யப்போகிற ‘போர்வீரர்’. அந்தப் பெயரை அம்மப்பா எல்லா ஞாயிறும் முதலாவதாகக் கூப்பிடுவார் என்று உனக்குத் தெரியும். கூப்பிட்டுவிட்டு நிற்பார். பதில் வராது. பிறகு மற்றப் பெயர்கள். நீ பிறந்ததில் இருந்து கேட்டதால் உனக்கு அது கோயில் மணி மாதிரி ஆகிவிட்டது. எங்களுக்கு அப்படி இல்லை. ஷெல்லடியில் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த சனம், தமிழ்ச் சபையில், ஒரு சிங்கள ஆமிக்காரனின் பெயரைத்தான் முதலில் கேட்கவேண்டும் என்றால் எப்படி இருக்கும்? உன் அப்பா கலியாணமாகி வந்த முதல் ஞாயிறு எழும்பி வெளியே போனார். அவருடைய அண்ணன் செத்து அப்போது வருசம்கூடத் திரும்பவில்லை. ஆராதனை முடிய அம்மப்பா நேரே எங்கள் குடிசைக்கு வந்தார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி வேண்டாம் என்றார்.

“தம்பி, நீர் எழும்பிப் போனது சரி” என்று உன் அப்பாவிடம் சொன்னார். “ஆனால் ஆருக்காகப் போனீர் எண்டு தெரிஞ்சுகொண்டு போம்.”

அன்றைக்குச் சொன்னதை நான் அடுப்படியில் நின்று கேட்டேன். உனக்கு இதுவரை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. அம்மப்பா ஆமியில் இருந்த காலம், கிழக்கில் வெள்ளம். சண்டை இல்லை, யுத்தம் இல்லை, தண்ணீர். இவருடைய ஆட்களை வள்ளங்களோடு சனத்தை மீட்க அனுப்பியிருக்கிறார்கள். பகல் முழுக்க வேலை. பின்னேரம் அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டு, ஆட்கள் சரி என்று அதிகாரிக்கு அறிவிக்க வேண்டியது சார்ஜனின் பொறுப்பு. மழை. எல்லோரும் நடுங்கிக்கொண்டு நிற்கிறார்கள். அதிகாரிக்கும் அவசரம். இவர் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். பெயர் கூப்பிடவில்லை. “எல்லாரும் இருக்கினம், சேர்” என்றார். சுமணபால வரிசையில் இருக்கவில்லை. வள்ளம் கவிழ்ந்து ஒரு மரத்தில் ஏறியிருக்கிறான். தண்ணீர் இழுக்காமல் இருக்க, இடுப்புப் பெல்ட்டைக் கழற்றித் தன்னைக் கிளையோடு கட்டியிருக்கிறான். அடுத்த நாள் அப்படியே கட்டியபடிதான் கண்டெடுத்தார்கள். கட்டினவன் யாராவது வருவார்கள் என்றுதானே கட்டியிருக்கிறான். தேடிப் போக ஒருத்தரும் இல்லை. ஏனென்றால் கணக்கில் அவன் கூடாரத்துக்குள் இருந்தான். விசாரணையில், பகலிலேயே வெள்ளம் அவனை அடித்துக்கொண்டு போய்விட்டது என்று எழுதி முடித்தார்கள். வெள்ளத்தில் சிறப்பாகச் சேவை செய்ததற்கு உன் அம்மப்பாவுக்குப் பதக்கம் கொடுத்தார்கள். சந்தியில் நீ பெரிதாக்கித் தொங்கவிட்டிருப்பது அதைத்தான்.

உன் அப்பா, “அப்ப இந்த இடாப்பு உங்கட பாவத்துக்கு, ஐயா. எங்களுக்கு ஏன்?” என்று கேட்டார். என் புருசனிடம் எனக்குப் பிடித்தது இந்த வாய்தான். அம்மப்பா கோபிக்கவில்லை. “என்ர பாவத்துக்கு முதல் பேர் மட்டும்தான். மற்றது எல்லாம் உங்களுக்கு. ஒரு ஆள் குறைஞ்சால் அண்டைக்கே தெரியவேணும். தெரிஞ்சால் அண்டைக்கே போகவேணும்” என்றார். அவ்வளவுதான் அவருடைய இறையியல். உன் கல்லூரியில் இதற்கு ஒரு பாடம் இருந்ததா தெரியாது. அடுத்த ஞாயிறு உன் அப்பா அந்த முதல் பெயருக்கு எழும்பவில்லை. அதற்காகச் சுமணபாலவை அவர் நேசித்துவிட்டார் என்று மேடையில் கதை விடாதே. எழும்பாமல் இருந்தார், அவ்வளவே.

ஜெயசீலன் உனக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியவன். உப்பளத்தில் வேலை. செல்வமணி அக்காவுக்கு ஒரே பிள்ளை. யுத்தம் முடிகிற காலத்தில் ஒரு சனிக்கிழமை பாலாவியில் பஸ்ஸில் இருந்து அவனை இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். சிவில் உடுப்பில் வந்தவர்கள் யார் என்று இன்றைக்கும் யாருக்கும் தெரியாது. அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. மறுநாள் ஞாயிறு. பயத்தில் அக்கா யாருக்கும் சொல்லாமல், முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கோயிலில் வந்து இருந்தா. அம்மப்பா கூப்பிட்டார். ஜெயசீலன். பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டார். அக்கா வெடித்து அழுதா. அம்மப்பா அதோடு ஆராதனையை நிறுத்தினார். பாட்டு இல்லை, காணிக்கை இல்லை. அங்கியைக் கழற்றி வாங்கில் வைத்துவிட்டு, பென்சன் அட்டையை எடுத்துக்கொண்டு, ஹனிபா நானாவின் லொறியில் ஏறினார். அன்றைக்கு அவர்கள் போகாத ஆமிக் காம்ப் இல்லை, பொலிஸ் இல்லை. எல்லா இடத்திலும் மரியாதை. ‘சார்ஜன் மஹத்தயா’ என்று கதிரை போட்டார்களாம். திரும்பி வந்து சொன்னார்: “தேத்தண்ணி தந்தவங்கள். பிள்ளையைத் தரேல்ல.” ஹனிபா நானா லொறியை விட்டு இறங்காமலே சொன்னார்: “பாஸ்டரோட சிங்களத்தைக் கேட்டு எல்லாரும் சந்தோசப்பட்டாங்க. கேள்வியத்தான் ஒருத்தருக்கும் வெளங்கல்ல.”

அதற்குப் பிறகு அந்தப் பெயரும் ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிடப்பட்டது. இரண்டு கிழமை கழித்து, முன்பின் தெரியாத இரண்டு பேர் கடைசி வாங்கில் வந்து இருந்தார்கள். கையில் வேதப் புத்தகம் இல்லை. அம்மப்பா வழக்கம்போல ஜெயசீலனைக் கூப்பிட்டார், நின்றார். பிறகு அந்த இரண்டு பேரையும் பார்த்துச் சிங்களத்தில், மிகவும் மரியாதையாக, “உங்கட பேரையும் சொல்லுங்கோ. இங்க வந்து இருக்கிற எல்லாரையும் நான் கூப்பிடவேணும். நாளைக்கு உங்களில ஆரும் குறைஞ்சால் நான் தேடி வரவேணுமே” என்றார். ஒருத்தன் மற்றவனைப் பார்த்தான். எழும்பிப் போய்விட்டார்கள். எங்களில் பாதிப் பேர் சிரித்தோம், பாதிப் பேர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். உனக்கு அப்போது பள்ளிக்கூட வயது. என் கையைப் பிடித்தபடி, “அம்மா, அவங்கள் ஏன் பேர் சொல்லேல்ல?” என்று கேட்டாய். நல்ல கேள்வி. நீ கேட்ட கடைசி நல்ல கேள்வி அதுதானோ என்று இப்போது யோசிக்கிறேன்.

யுத்தம் முடிந்தது. வெடி கொளுத்தினார்கள். பாற்சோறு கொடுத்தார்கள். எல்லோரும் ஒன்று, எல்லோரும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று வானொலி பாடியது. அம்மப்பா வானொலியை நிறுத்திவிட்டு, “பேர் கூப்பிடாமல் சொல்லுறாங்கள்” என்றார். அந்த ஒரு வசனத்துக்குள் இந்த நாட்டில் அதற்குப் பிறகு நடந்த எல்லாம் இருக்கிறது. குழு வந்தது, ஆணைக்குழு வந்தது, அலுவலகம் வந்தது. செல்வமணி அக்கா ஒவ்வொன்றுக்கும் படத்தோடு போனா. ஒவ்வொரு இடத்திலும் கடைசியில் ஒரே பேச்சு: மரணச் சான்றிதழ் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள், உதவி வரும். அக்கா வாங்கவில்லை. மழைக்கு ஒழுகுகிற வீட்டில் இருந்துகொண்டு வாங்கவில்லை. அரசாங்கம் இத்தனை வருசம் கெஞ்சியும் மிரட்டியும் அவவிடம் வாங்க முடியாத ஒரு சொல்லை, நீ ஒரு கல்வெட்டுக்காரனிடம் கொடுத்துப் பொன் எழுத்தில் வெட்டுவித்துவிட்டாய். அதுவும் கர்த்தரின் பெயரால். காம்பில் கேட்டு வராத பதிலை நீ சொல்லிவிட்டாய். உனக்கு யார் சொன்னார்கள்?

உன் நியாயங்கள் எனக்குத் தெரியும். காணி அனுமதிக்குப் பிரதம அதிதி உதவி செய்தார். அவர் முன்னாள் அதிகாரி. முன் வரிசையில் அவரை வைத்துக்கொண்டு, பதில் வராத தமிழ்ப் பெயர் ஒன்றைக் கூப்பிட்டுவிட்டு நிற்க உனக்குச் சங்கடம். சங்கடம் என்று நீ சொல்கிறாய்; நான் பயம் என்கிறேன். பயப்படுவதற்கு நான் உன்னை ஏச மாட்டேன். இந்தக் கரையில் பயப்படாதவன் யார். ஆனால் பயத்துக்கு நல்லிணக்கம் என்று பெயர் வைக்காதே. சுமணபாலவை வைத்துக்கொண்டு ஜெயசீலனை எடுத்தாய் பார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதிலும் சுமணபாலவையாவது உள்ளபடி வைத்தாயா? வெள்ளத்தில் மரத்தில் காத்திருந்து செத்த ஏழைப் பெடியனைப் போர்வீரன் ஆக்கிவிட்டாய். அவனைத் தேடிப் போகாத குற்றத்தையும் மறைத்து, அவன் மௌனத்தை அதிதிக்கு மாலையாகப் போடுகிறாய். இரண்டு தாய்மாரையும் ஒரே நாளில் ஏமாற்றுவது எப்படி என்று உன்னிடம்தான் படிக்கவேண்டும்.

அம்மப்பாவின் சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் செல்வமணி அக்கா உன்னிடம் வந்து, “தம்பி, இனி என்ர பிள்ளையை ஆர் கூப்பிடுறது?” என்று கேட்டா. நீ அவவின் கையைப் பிடித்து, “நான் கூப்பிடுவன் அக்கா” என்றாய். நான் பக்கத்தில் நின்றேன். அந்த நாளில் இருந்து ஞாயிறுதோறும் எந்தெந்தப் போதகர்களோ வந்தார்கள், நேரே பாட்டுக்குப் போனார்கள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. “பேரன் வருவான்” என்று மட்டும் சொல்லிக்கொண்டு அதே வாங்கில் இருந்தா. ஒரு தாய் தன் பிள்ளையை உயிரோடு இருப்பவர்களின் வரிசையில் கேட்கக்கூடிய இடம் இந்த முழு நாட்டிலும் அது ஒன்றுதான். வேறு எங்கே போனாலும் அவன் ஒரு கோப்பு, அல்லது ஒரு படம். நீ பறிக்கப்போவது அதை. ஆலயம் கட்டினாய், ஓடு போட்டாய், குளிரூட்டியும் வைக்கப்போகிறாயாம். அந்த இடத்தை மட்டும் இடித்துவிட்டாய்.

கல்லின் விசயத்தை நான்தான் அவவுக்குச் சொன்னேன். மேடையில் திரையை இழுக்கும்போது அவ பார்க்கவேண்டும் என்று நீ விட்டிருந்தாய். சொல்லும்போது அவ மீன் வெட்டிக்கொண்டிருந்தா. கத்தியை வைத்துவிட்டுக் கேட்டா: “என்ர பிள்ளை நித்திரை எண்டு உன்ர மோனுக்கு ஆர் சொன்னது?” கையைக் கழுவிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்தா. “எங்க அந்தக் கல்லு?” என்றா. ஹனிபா நானாவுக்குப் போன் எடுத்தேன். வயது போய்விட்டது, லொறியை மகன் ஓட்டுகிறான். ஆனாலும் ஓட்டோ பிடித்துக்கொண்டு தானே வந்தார். “பாஸ்டர் இல்லாட்டி என்ன, தேடிப் போற வேல நம்முட வேலதானே” என்றார்.

நேற்றுக் காலை மூன்று பேரும் கல்வெட்டுக்காரனின் பட்டறைக்குப் போனோம். பாவம், இளம் ஆள். கல்லைத் துணி போட்டு மூடி வைத்திருந்தான். நல்ல கறுப்புக் கல், குறை சொல்ல முடியாது. மேலே அம்மப்பா. கீழே இந்த மண்ணில் நாங்கள் புதைத்தவர்கள். கடைசியில் ஜெயசீலன்.

“இந்தப் பேரை எடும்” என்றா அக்கா.

“அம்மா, பாஸ்டர்தான் எழுதித் தந்தவர். அவரைக் கேக்காமல் நான் எப்பிடி?”

“என்னைக் கேட்டோ வெட்டினனீர்? நான் அவன்ர தாய். அவன் சாகேல்ல. செத்தால் நானே வந்து வெட்டச் சொல்லுவன்.”

அவன் என்னைப் பார்த்தான். நான் பாஸ்டரின் அம்மா என்று சொன்னேன். உன் பதவியை நான் பயன்படுத்தியது இந்த ஒரு தரம்தான். அவன் கிரைண்டரை எடுத்தான். தூள் பறந்தது. அக்கா முகத்தைத் திருப்பவில்லை, முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு, கடைசி எழுத்துப் போகும் வரைக்கும் கிட்ட நின்று பார்த்தா. எழுத்து போய்விட்டது. ஆனால் அந்த இடம் பள்ளமாகச் சாம்பல் நிறத்தில் தெரிகிறது. “மினுக்கி விடட்டோ? இல்லாட்டி வேற பேர் ஏதும் போடலாம்” என்று கேட்டான். “ஒண்டும் செய்யாதையும்” என்றா அக்கா. ஹனிபா நானா அவனுக்குக் கைகொடுத்துவிட்டு, “இப்ப சரியா ஈக்கி” என்றார். உன் கல் இப்படித்தான் வந்து சேரும். புதிதாக வெட்ட உனக்கு நாள் இல்லை. இருந்தாலும் அவன் வெட்ட மாட்டான், சொல்லிவிட்டான்.

பிரதம அதிதி திரையை இழுத்ததும் அந்தப் பள்ளத்தைப் பார்ப்பார். இது என்ன என்று உன்னிடம் கேட்பார். அதற்கு நீ என்ன சொல்லப்போகிறாய் என்று இப்போதே யோசித்து வை. கல் பழுது என்று சொல்லலாம். உனக்கு வரும், நாக்குப் பழகிவிட்டது. அல்லது ஒலிபெருக்கியைக் கையில் எடுத்து, இவன் காணாமல் போகச் செய்யப்பட்டவன், இவன் தாய் இங்கே இருக்கிறா, இவனை இன்னும் தேடுகிறோம் என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம். அவருக்குத் தெரிந்த இடங்கள் அதிகம். அவரிடமே கேட்கலாம். உன் அம்மப்பா அதைத்தான் செய்திருப்பார், தேத்தண்ணியையும் குடித்திருப்பார்.

நீ எனக்கு ஒதுக்கிய முன்வரிசைக் கதிரையில் நான் இருக்க மாட்டேன். உன் அப்பாவும் வரமாட்டார் அங்கே. அக்காவுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் ஹனிபா நானா, நடு வரிசையில் இருப்போம். நீ முதல் பாட்டை அறிவிக்க வாய் திறப்பதற்கு முன்னால் அக்கா எழும்புவா. தானே கூப்பிடப்போகிறா. நேற்றுப் பட்டறையில் இருந்து வரும் வழியில் முடிவெடுத்துவிட்டா, என்னிடம் கேட்கவும் இல்லை. பிள்ளையின் பெயரைச் சொல்லிவிட்டு நிற்பா. அவவை இருத்த ஆள் அனுப்பாதே, தம்பி. அனுப்பினால் அந்த ஆள் முதலில் என்னைத் தாண்டவேண்டும்.

உன் அம்மா